தங்கசாமி தந்த மூன்றாம் பாகம்

தமிழை வளர்த்தவர்கள் என்று மன்னர்களையும் மடாதிபதிகளையும் அடுக்குகிறவர்கள் யாரும் புதுச்சத்திரத்திலிருந்து மேற்கே மூன்று மைல் நடந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பட்டியலின் தலைப்பில் கல்லுக்காட்டுப்புதூர் தங்கசாமியின் பெயரைப் போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு இடமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டிருப்பார்கள். புலவர்களுக்கு யானை கொடுத்தவர்கள் உண்டு, பொன் கொடுத்தவர்கள் உண்டு. சொந்த மகளுக்கு மூன்றாம் பாகம் கொடுத்தவர், 1989ஆம் ஆண்டு நிலவரப்படி, நம் தங்கசாமி ஒருவர்தான்.

தங்கசாமிக்குப் பன்னிரண்டு ஏக்கர் பூமி, மோட்டார் போட்ட கிணறு ஒன்று, மகன்கள் இரண்டு, மகள் ஒன்று. மகன்கள் வேலுசாமியும் கைலாசமும் போர் போடும் ரிக் லாரியில் ஆந்திராப் பக்கம் போய்விட்டு, மாதத்துக்கு ஒரு தடவை சட்டையெல்லாம் செம்மண்ணாக வருவார்கள். மகள் சௌந்திரம் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஆணென்றும் பெண்ணென்றும் வித்தியாசம் பார்க்காதவர் என்று தங்கசாமிக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். மூன்று பேரையும் ஒரே மாதிரி ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். பூமியை மட்டும் இரண்டாகத்தான் நினைத்து வைத்திருந்தார்; கிணற்றுக்குக் கிழக்கே மூத்தவனுக்கு, மேற்கே இளையவனுக்கு. மகளுக்கு அன்பு முழுவதும். அன்புக்குப் பட்டா தேவையில்லை அல்லவா?

சௌந்திரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. படிப்பாள். அதிலும் ‘தழலி’ வரிசை என்று இளைஞர்களுக்கான மாயாஜால நாவல் ஒன்று சேலத்திலிருந்து பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. தழலி பதினாறு வயது இளவரசி. ராஜாவுக்கு ஒரே வாரிசு. முதல் பாகத்தில் அவள் ஏழு பூட்டுகளைத் திறந்தாள். இரண்டாம் பாகத்தில் மந்திரவாதி அவளுடைய அப்பாவை உடும்பாக்கிவிட்டான். அவரை மீட்கும் மூலிகையைத் தேடி, சிறகு முளைத்த மயிலைக்காளை ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நெருப்பு ஏரிக்கு மேலே அவள் தொங்கிக்கொண்டிருந்தபோது, வால் வழுக்கத் தொடங்கியது. ‘மூன்றாம் பாகம் விரைவில்’ என்று போட்டுப் புத்தகம் முடிந்தது. ‘விரைவில்’ என்பது இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. சௌந்திரம் பொறுத்துப் பார்த்தாள். அந்த வருஷம் ஆனி மாதம் பொறுமை தீர்ந்து, பதினைந்து பைசா கார்டில் பதிப்பகத்துக்கு நாலு வரி எழுதிப் போட்டாள்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் பதில் வந்தது. வீட்டுக்கு வரும் தபாலை வீட்டுத் தலைவர் பிரிப்பது மரபு. தங்கசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். தாளின் மேலே அச்சடித்த எழுத்தில் இருந்தது: ‘த. தண்டாயுதபாணி, பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர், அஸ்தம்பட்டி, சேலம்.’ கீழே:

‘அன்புடையீர், தங்கள் கோரிக்கை மிகவும் நியாயமானது. இரண்டு பாகங்களோடு நிறுத்திக்கொள்வது தர்மமல்ல. மூன்றாம் பாகம் தங்களுக்கு உரியதே. இதே கோரிக்கையைப் பல ஊர்களிலிருந்தும் பெண்கள் எழுப்பியுள்ளனர். விரைவில் தக்க நடவடிக்கை எடுக்கப்படும். அதுவரை உறுதி தளராமல் இருக்கவும்.’

இங்கே ஒரு சின்ன விளக்கம். தண்டாயுதபாணி வக்கீலாக ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தார். கட்சிக்காரர் யாரும் வராததால் பொழுது போகாமல் தழலியை எழுதி, தானே அச்சிட்டு, பதிப்பாளராகிவிட்டார். வக்கீல் தொழிலில் மிச்சமானது இரண்டு ரீம் அச்சடித்த தாள். சிக்கனக்காரர், அதைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

இது தங்கசாமிக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த உலகத்தில் பாகம் என்றால் பூமி. பாகம் பிரிப்பார்கள், பாகம் கேட்பார்கள், பாகத்துக்காக அண்ணனும் தம்பியும் ஒரே வரப்பில் முகம் திருப்பி நடப்பார்கள். போதாக்குறைக்கு அந்தப் பங்குனியில்தான் பெண்பிள்ளைகளுக்கும் பரம்பரைச் சொத்தில் பாகம் உண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. சேலத்து வக்கீலின் கடிதத்தை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். உடனே வெண்ணந்தூருக்கு ஆள் அனுப்பி மச்சான் சுப்பையனை வரவழைத்தார்.

சுப்பையன் தங்கசாமியின் மனைவி பொன்னாத்தாளுக்கு அண்ணன். சட்ட நிபுணர். ஒரு வேலித் தகராறில் பதினோரு வருஷமாக நாமக்கல் கோர்ட்டுக்குப் போய்வந்த அனுபவம் அவருடையது. அவருடைய தலைமையில் மோட்டார் ரூமில் அவசரக் கூட்டம் கூடியது. தங்கசாமி, பொன்னாத்தாள், ஊருக்கு வந்திருந்த மகன்கள் இருவர் ஆஜர். சம்பந்தப்பட்ட பெண் அழைக்கப்படவில்லை. பெண்பிள்ளையைக் கூட்டத்தில் உட்கார வைத்து வருத்தப்படுத்தக் கூடாது என்ற உயர்ந்த எண்ணம்தான் காரணம்.

“புள்ளை தங்கமான புள்ளைங்க மாப்ள. அதை மொதல்ல தீர்மானமாப் போட்டுக்குங்க” என்றார் சுப்பையன்.

ஏகமனதாக நிறைவேறியது.

“ரெண்டாவது, பொட்டப்புள்ளைய பிளஸ் டூ படிக்க வெச்சது தப்பு” என்றான் வேலுசாமி.

அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

“அப்ப நாளைக்கே ஒரு மாப்பிள்ளையைப் பாத்துக் கட்டிக் குடுத்துப்போடலாம். கட்டிக்குடுத்தவுங்களுக்குப் பாகமில்லையாமா” என்றான் கைலாசம்.

“ஆடி மாசத்துல எவன்டா கண்ணாலம் பண்ணுவான்? அதுமில்லாம சட்டம் வந்தது பங்குனியில. அதுக்கு முன்னாலயே கட்டிக் குடுத்திருக்கோணும்” என்று சுப்பையன் தலையில் கை வைத்துக்கொண்டார். “மாசியில ஒரு எடம் வந்துச்சல்லோ? ஏனுங்க மாப்ள தட்டி உட்டீங்க?”

“பையனுக்கு ஒரு கண்ணு மாறுகண்ணுங்க மச்சான்.”

“ரெண்டு கண்ணும் மாறுகண்ணா இருந்தாத்தான் என்னுங்க? நாலு ஏக்கரு!”

பொன்னாத்தாள் மட்டும், “புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் பேசலாமல்லோ?” என்றாள். பெண்கள் கருத்துக்கு மதிப்பளிக்கும் குடும்பம் ஆதலால், கேட்டுவரும் பொறுப்பு தங்கசாமியிடம் ஒப்படைக்கப்பட்டது.

சௌந்திரம் களத்தில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். தங்கசாமி எதிரே குத்தவைத்து உட்கார்ந்து தானும் நாலு காயை உடைத்தார்.

“ஏஞ்சாமி, உனக்கு நாங்க என்ன கொறை வெச்சோம்?”

“ஒரு கொறையும் இல்லீங்கப்பா.”

“பொறவு எதுக்கு மூணாம் பாகம் வேணும்னு சேலத்துக்கு எழுதிப் போட்டே?”

சௌந்திரத்துக்கு முகம் வெளிறிவிட்டது. கதைப் புத்தகம் படிப்பது தெரிந்துவிட்டதே! “ரெண்டு பாகம் வந்துருச்சுங்க. மூணாவதையும் குடுத்தாத்தானுங்க முழுசாகும்.”

இரண்டு பாகம் பையன்களுக்கு, மூன்றாவதையும் கொடுத்தால்தான் கணக்கு முழுசாகும்! வக்கீல் எவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று தங்கசாமி பிரமித்தார்.

“எத்தனை நாளா இந்த நெனப்பு?”

“ரெண்டு வருஷமாங்க. சாப்புட ஒக்காந்தாலும் அதே நெனப்புத்தானுங்க.”

“உனக்கு ஆரு சாமி இந்த ஆசையைக் கெளப்பி உட்டது?”

“தழலிங்க.”

“அது ஆரூட்டுப் புள்ளை?”

“ராசாவோட புள்ளைங்க.”

வெண்ணந்தூரில் தறி வைத்திருக்கும் ராசாவைத் தங்கசாமிக்குத் தெரியும். நெசவுக்கார வீட்டிலும் இந்த நெருப்புப் பிடித்துவிட்டதா?

“அவுளும் பாகம் கேக்கறாளா?”

“அவுளுக்கு எல்லாமே வரோணுமுங்க. ஒரே புள்ளையல்லோ!”

“அவுளோட அப்பன் அதுக்கு என்ன சொல்றான்?”

“அவுரு எங்கீங்க சொல்றது? ரெண்டாம் பாகத்துலயே உடும்பாப் போயிட்டாருங்க.”

உடும்பாகத்தான் இருக்க வேண்டும், பிடித்த பிடியை விடக் கூடாது என்று தங்கசாமிக்கு ராசாவின் மேல் ஒரு மரியாதை பிறந்தது. ஆனால் சௌந்திரம் கண் கலங்கச் சொன்ன அடுத்த வார்த்தையில் அது ஆவியாகிவிட்டது.

“மூணாம் பாகம் வரலீன்னா அவுரு உசுரோட திரும்பறது சந்தேகந்தானுங்கப்பா.”

தங்கசாமி எழுந்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை கடலைக்காய் உடைத்துக்கொண்டே இப்படிச் சொல்கிறாளே என்று அவருக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் தங்கசாமியும் சுப்பையனும் அரை மூட்டை கடலைக்காயுடன் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். வக்கீலைச் சரிக்கட்டுவதற்குக் கடலைக்காய். சரிப்பட்டு வராவிட்டால் காலில் விழுவது என்பது இரண்டாவது திட்டம். அஸ்தம்பட்டியில் ஒரு மாடிப்படியின் கீழே தண்டாயுதபாணியின் ஆபீஸ் இருந்தது. வாசலில் நின்றதுமே தங்கசாமி கும்பிட்டார்.

“சாமி, மூணாம் பாகத்தை நீங்கதான் எப்பிடியாவது நிறுத்தோணுமுங்க.”

தண்டாயுதபாணிக்குக் கண்கள் பனித்தன. இரண்டு வருஷத்தில் அவருக்கு வந்த கடிதங்களெல்லாம் மூன்றாம் பாகத்தை எழுது என்றுதான் மிரட்டின. நிறுத்து என்று கேட்டு, கடலைக்காயோடு வந்த முதல் மனிதர் இவர்.

“நிறுத்திட்டேங்க! எப்பவோ நிறுத்திட்டேன். உள்ளதைச் சொன்னா எனக்கு எழுதவே வரலை. அந்தப் பொண்ணை வாலைப் புடிச்சுத் தொங்க விட்டுட்டேன். எப்படி இறக்கறதுன்னு தெரியலை.”

“எந்தப் பொண்ணுங்க?” என்றார் சுப்பையன்.

தண்டாயுதபாணி கையை நீட்டினார். சுவரோரம் கட்டுக்கட்டாகப் புத்தகம். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு பெண், ஒரு காளை, கொட்டை எழுத்தில் ‘பாகம் 1’, ‘பாகம் 2’.

தங்கசாமி ‘பாகம் 2’ ஒன்றை எடுத்தார், அட்டையைப் பார்த்தார், அதன் மூலையில் கிரீடத்தோடு கிடந்த உடும்பைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்தச் சின்ன அறை அதிரச் சிரித்தார். “கதைப் புஸ்தகமுங்க மச்சான்! எம்புள்ளை கதைப் புஸ்தகம் கேட்டிருக்குது! நானு என்ன பாவி, என்னென்னமோ நெனச்சுப்போட்டேன்!”

விஷயம் புரிந்து தண்டாயுதபாணியும் சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆறு வருஷம் கட்சிக்காரரைக் காணாத வக்கீல் அவருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டான். “ஆனா நீங்க பயந்ததும் தப்பில்லைங்க. சட்டப்படி இப்ப உங்க பொண்ணுக்கு நிலத்துலயும் பாகம் உண்டு. கேட்டா நீங்க கொடுத்துத்தான் ஆகணும்.”

சிரிப்பு நின்றது. சுப்பையன் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். தமிழ் இலக்கிய வரலாற்றின் மகத்தான சிந்தனை அந்த மெல்லலில்தான் உதித்தது.

“மாப்ள, புள்ளை என்ன கேட்டுது?”

“மூணாம் பாகமுங்க.”

“குடுத்துப்போடுவோம். மூணாம் பாகத்தை வாங்கிக்கிட்டேன், இனிமேப்பட்டு கேக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு ஒரு ரசீது எழுதி வாங்கிக்குவோம்.”

“அது புஸ்தகமல்லோங்க மச்சான்?”

“பாகம்னா பாகந்தானுங்க மாப்ள.”

தங்கசாமி அட்டையில் இருந்த பெண்ணை விரலால் ஒருதரம் தடவிவிட்டுப் புத்தகத்தைக் கட்டின் மேல் வைத்தார். ஆனாலும் அச்சுக்கூலியைத் தானே ஏற்பதாகச் சொன்னார். கற்பனை வறண்டு கிடந்த எழுத்தாளருக்குக் கைகொடுக்க அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் மச்சானோடு அஸ்தம்பட்டிக்குப் போய்வந்தார். புரவலர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

வாலில் தொங்கியவளைத் தங்கசாமிதான் இறக்கினார். “கெணத்துக்குள்ள ஆளை எறக்கற மாதிரி ஒரு கவுத்தை உட்டு, இடுப்புல கட்டி எறக்கறதுதானுங்க” என்றார். இரண்டு வருஷமாகத் தண்டாயுதபாணிக்குத் தோன்றாத கயிறு. கயிற்றை மேலிருந்து யார் பிடிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, “அண்ணனுங்க புடிக்கட்டும்” என்றார் சுப்பையன். இரண்டு பாகங்களிலும் இல்லாத இரண்டு அண்ணன்கள் மூன்றாம் பாகம் எட்டாம் பக்கத்தில் கயிறோடு வந்து நின்றார்கள். மூலிகையை அவர்களே பறித்தார்கள். உடும்பு மறுபடி ராஜாவானது. கடைசி அத்தியாயத்தில் தழலி நாட்டை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுத்து, மாலையும் கழுத்துமாகப் பக்கத்து நாட்டுக்குப் போனாள். அந்த வசனத்தைச் சுப்பையன் வாயால் சொல்லச் சொல்லத் தண்டாயுதபாணி எழுதிக்கொண்டார்.

புத்தகம் ஆவணியில் வந்தது. சௌந்திரம் அதைக் கையில் வாங்கியபோது காட்டிய சந்தோஷத்தைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கா இப்படிச் செய்கிறோம் என்று தங்கசாமிக்கு ஒரு கணம் நெஞ்சு வலித்தது. ஒரே பகலில் படித்து முடித்துவிட்டு அவள் அப்பாவிடம் வந்தாள்.

“எப்பிடி சாமி இருக்குது?”

“தழலி இப்பிடிப் பேச மாட்டாளேங்கப்பா.”

“எப்பிடி?”

“‘யாருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல நினைவோடும் முழுச் சம்மதத்தோடும், சர்வ வில்லங்க சுத்தியாக விட்டுக்கொடுக்கிறேன்’னு சொல்றாளுங்க. நெருப்பு ஏரியைத் தாண்டி வந்தவ இப்பிடியாங்க பேசுவா? இந்த அண்ணனுங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா எங்கீங்க இருந்தாங்க?”

“ரிக்குல போயிருப்பாங்க” என்றார் தங்கசாமி, சற்றும் யோசிக்காமல். சௌந்திரம் புத்தகத்தை மறுபடி எட்டாம் பக்கத்தில் பிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

வெளியீட்டு விழா புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இலக்கியத்துக்காக முந்நூறு பேர் கூடினார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டு என்று நோட்டீசில் போட்டிருந்தது. வாசலில் பேனர்: ‘மகளுக்கு மூன்றாம் பாகம் ஈந்த பாக வள்ளல் தங்கசாமி அவர்களுக்குப் பாராட்டு விழா.’ படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். “நெசமாலுமே குடுத்துட்டாரா?” என்று ஆண்கள் கவலையோடு விசாரித்தார்கள். பெண்கள் விசாரிக்கவில்லை, மேடையில் இருந்த தங்கசாமியைக் கண் எடுக்காமல் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையை அவர் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. பேசியவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். மூன்றாவது பொன்னாடையின் போது, தான் உண்மையிலேயே ஏதோ கொடுத்துவிட்டதாக அவருக்கே தோன்றிவிட்டது.

பிறகு சுப்பையன் முத்திரைத்தாளை எடுத்து மருமகள் முன் வைத்தார். சாட்சிக்காரர்கள் இருவரும் பேனாவைத் திறந்து தயாராக நின்றார்கள்.

“புஸ்தகம் வாங்குனதுக்கு ரசீது சாமி. இங்க ஒரு கையெழுத்து.”

கதை எழுதியதில் தண்டாயுதபாணி எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் விட்டிருக்கலாம். சுப்பையன் எழுதினால் ஓட்டை இருக்காது. பதினோரு வருஷ கோர்ட்டு அனுபவம் ஒன்றையும் விட்டுவைக்க இடம் கொடுக்கவில்லை. சர்வே நம்பர் இல்லாத பத்திரம் செல்லாது, நாலு எல்லை சொல்லாத பாகம் நிற்காது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பக்காவாக எழுதியிருந்தார். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. சௌந்திரம் பார்த்த இடத்திலெல்லாம் படிக்கிறவள். நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அவள் காது மடல் சிவப்பதைத் தங்கசாமி பார்த்தார். மூன்றாவது பொன்னாடையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. மூணாம் பாகத்துல இருந்து ஒரு பத்தி படிக்கறேனுங்க.”

கூட்டம் கை தட்டியது. சௌந்திரம் கணீரென்று படித்தாள்.

“‘யாருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல நினைவோடும் முழுச் சம்மதத்தோடும், எனக்குச் சேரவேண்டிய மூன்றாம் பாகத்தை என் தகப்பனாரிடமிருந்து பெற்றுக்கொண்டேன். மேற்படி பாகத்தின் விவரம்: சர்வே எண் 114. கிழக்கே வேலுசாமி அனுபவ பூமி, மேற்கே கைலாசம் அனுபவ பூமி, வடக்கே ஓடை, தெற்கே வண்டித்தடம். இதற்குட்பட்ட புஞ்சை ஏக்கர் நான்கும், கிணற்றில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரும்...’”

“அடடா, ஓடை, வண்டித்தடம் எல்லாம் நம்ம தங்கசாமி காட்டை அப்படியே நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கறாருங்க!” என்று முன்வரிசையில் ஒருவர் உருகினார். தண்டாயுதபாணி நாற்காலியிலிருந்து மெல்ல நழுவி மேடைக்குப் பின்னால் போனார். “மைக்கை அமத்துங்கடா!” என்று சுப்பையன் பல்லைக் கடித்தார். மைக்செட்டுக்காரர் கதையில் லயித்திருந்தார்.

சௌந்திரம் தாளை மடித்தாள். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். பாக வள்ளல் பக்கம் திரும்பினாள். மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

“அப்பா, நீங்க குடுத்ததுல எரநூத்திப் பன்னெண்டு பக்கம் இருக்குதுங்க. ஒரு பக்கம் உடாம படிச்சுப்போட்டேன். நம்ம கெணறு எந்தப் பக்கத்துலீங்கப்பா இருக்குது?”